துவைக்கிற கல்

"கால்பக்கம் பிடிக்கா," என்றான் ஸ்டீபன்ராஜ்.

லிசி பிடிக்கவில்லை. ஐஸ் பெட்டி முன்ரூமுக்கும் அடுப்படிக்கும் நடுவே குறுக்காக நின்றது. கண்ணாடிக்குள் அப்பா ஜெபமாலை சுற்றிய கைகளோடு கிடந்தார். ஐம்பது வருஷம் கொத்து வேலையில் கரணை பிடித்த கை. நேற்று சாயந்திரம் குளிப்பாட்டும்போது எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் இருந்த சிமெண்ட் போகவில்லை.

"எங்கடா தள்ளிக்கிட்டுப் போற?"

"பின்ரூமுக்கு."

"மூணு மணிக்கு ஃபாதர் வர்றார். கல்லறையில குழி வெட்டியாச்சு."

"இன்னிக்கு எடுக்கல. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

பின்ரூமுக்கு அந்தப் பக்கம் ஜேசிபி நின்றது. காலை ஏழு மணிக்கே வந்துவிட்டது. டிரைவர் அதன் நிழலில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்து இட்லி தின்றுகொண்டிருந்தான்.

காட்டூரில் ஜெபமாலை நகர் மனை பிரித்தபோது பூங்காவுக்கென்று விட்ட இடம் அது. முப்பது வருஷம் கருவேல முள்ளும் கட்டட இடிபாடுமாகக் கிடந்தது. இப்போது மாநகராட்சி சுற்றுச்சுவர் எழுப்பி ஊஞ்சல் போடப் போகிறது. அப்பா சகாயநாதன் கொத்தனாரின் வீடு பதினோரு அடி உள்ளே வந்திருக்கிறது என்று அளந்து, பின்ரூம் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். நாலு வருஷமாக கேஸ். அந்த மூலையின் எல்லைக்கல்லைக் காணோம், கல் இல்லாமல் அளந்தது செல்லாது என்பதுதான் இவர்கள் பக்கத்து வக்கீல் பேசிய ஒரே பேச்சு. போன வாரம் தடை உத்தரவு முடிந்துபோனது.

"வெள்ளிக்கிழமை பாத்துத்தான் வருவானுங்க," என்றான் ஸ்டீபன்ராஜ். "சனி, ஞாயிறு கோர்ட் கிடையாதுன்னு தெரியும். திங்கக்கிழமை வக்கீல் ஸ்டே வாங்கிடுவாரு. அதுவரைக்கும் அப்பா அங்கதான் இருப்பாரு. பொணம் கிடக்கிற ரூமை எவன் இடிக்கிறான்னு பாக்கறேன்."

வாசலில் உட்கார்ந்திருந்த அழகம்மாள் எழுந்து வந்தாள். முப்பது வருஷம் அப்பாவுக்குச் சித்தாளாகக் கல் சுமந்தவள்.

"ஏம்ப்பா, உங்கப்பா என்ன திருஷ்டி பொம்மையா? கட்டடத்துல கட்டித் தொங்கவிடற மாதிரி தொங்க விடப் போறியா?"

"நீ சும்மா இரு அத்தை. உனக்கு வீடு போகல."

"எனக்கு எங்க இருந்துச்சு போறதுக்கு? ஊர் பூரா வீடு கட்டினேன். நான் படுக்கறது வாடகைக் கொட்டாயில."

ஸ்டீபன்ராஜ் தன் மனைவி பிரேமலதாவைக் கூப்பிட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டு கால்பக்கம் பிடித்தாள். பெட்டி அடுப்படியைத் தாண்டி, துவைக்கிற இடத்தைத் தாண்டி, பின்ரூமுக்குள் போனது. துவைக்கிற கல்லில் பெட்டியின் சக்கரம் இடித்து நின்றது. தூக்கித் தாண்டினார்கள்.

பின்ரூம் மின்சாரத்தைக் காலையிலேயே துண்டித்திருந்தார்கள். ஸ்டீபன்ராஜ் முன்ரூமிலிருந்து வயர் இழுத்தான். பத்து நிமிஷம் ஓடியது. ஃப்யூஸ் போனது. மாற்றினான். மறுபடி போனது. இப்படியே விட்டுவிட்டு ஓடியது.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் கண்ணாடியில் உள்பக்கம் நீர் கோத்துவிட்டது. அப்பா முகம் தெரியவில்லை. லிசி துண்டால் வெளிப்பக்கம் துடைத்தாள். ஒன்றும் மாறவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை அனலைக் கக்கியது. தலைமாட்டில் ஸ்டீபன்ராஜின் மகள் ஜோஸ்வினின் ஸ்கூல் பை ஆணியில் தொங்கியது. அந்த ஒன்பது வயசுப் பெண் பள்ளிக்கூடம் போகாமல் கதவோரம் நின்று தாத்தாவையும் ஜேசிபியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

கடைசி மூணு நாளும் அப்பா ஒரே கேள்வியைக் கேட்டார். "கடப்பாரை எங்க வச்ச?" காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நினைத்தாள். "எதுக்குப்பா?" என்றால் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு தடவை மட்டும், "எடுத்துடணும்" என்றார். எதை என்று அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

ஜும்ஆ தொழுகை முடிந்து முஜிபுர் ரஹ்மான் வந்தார். எதிர் வீடு. குழாய்க் கடை வைத்திருப்பவர். நகர் நலச் சங்கத்துச் செயலாளர். பூங்காவை மீட்க வேண்டும் என்று முதல் மனுவில் கையெழுத்துப் போட்டவர். அன்றிலிருந்து அப்பா அவரோடு பேசவில்லை. தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து வாசலில் நின்றார். பின்னால் அவர் மனைவி ஷரபுன்னிசா, கையில் பெரிய தூக்குச்சட்டி.

"காலையில குடுத்தனுப்பினதைத் திருப்பி அனுப்பிட்டீங்க," என்றாள் ஷரபுன்னிசா. "புள்ளைங்களாவது சாப்பிடட்டும்மா. மவுத்தான வீட்டுல அடுப்பு எரியாதுல்ல."

ஸ்டீபன்ராஜ் முன்னால் வந்தான். "வாங்க பாய். சோத்தைப் போட்டுட்டு வீட்டை இடிக்கலாம்னு வந்தீங்களா?"

"தம்பி, நாதனைப் பாக்க வந்தேன்."

"நாலு வருஷமா பாக்காதவரு."

"அவருதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. என் பேரன் அயான் ரோட்டுல விளையாடறான். போன வருஷம் லோடு வண்டி அவன் கால்ல ஏறிடுச்சு. எடம் கேட்டது தப்பா? உன் வீட்டைக் கேக்கல. புள்ளைங்க எடத்தைக் கேட்டேன்."

"அப்ப கல்லைக் காட்டுங்க! எங்க இருக்கு எல்லை? காட்டுங்க, நானே இடிச்சுக்கறேன்."

லிசி துண்டை முறுக்கிப் பிடித்தாள்.

மாநகராட்சி என்ஜினீயர் சின்னப் பையன்தான். முப்பதுகூட இருக்காது. வியர்த்துப்போய் ஃபைலோடு நின்றவன், போனில் யாருக்கோ "சார், பாடி உள்ள இருக்கு சார்" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னான். அப்புறம் இவர்கள் பக்கம் வந்தான்.

"சார், எனக்கு மேல இருந்து பிரஷர். நீங்க பாடியை எடுக்கலன்னா போலீஸை வச்சு எடுக்கச் சொல்றாங்க. எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

"தொட்டுப் பாருங்க," என்றான் ஸ்டீபன்ராஜ். குரல் உடைந்தது. "எங்க போவேன் நான்? ஷேர் ஆட்டோ ஓட்டி வாடகை குடுக்க முடியுமா? பொம்பளைப் புள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

அப்போது ஐஸ் பெட்டி மறுபடியும் நின்றது. ஓடும்போது கேட்காத சத்தம் நின்றபோது எல்லோருக்கும் கேட்டது. அழகம்மாள் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய், சட்டென்று கீழே இறக்கிவிட்டாள். லிசி அதைப் பார்த்துவிட்டாள்.

என்ஜினீயரிடம் போனாள்.

"சார், கல்லைக் காட்டினா எத்தனை நாள் தருவீங்க?"

"என்னம்மா?"

"எல்லைக்கல்லு. காட்டினா கேஸ் முடிஞ்சிடும்ல. சாமான் எடுக்க, கக்கூஸை இந்தப் பக்கம் மாத்த, எத்தனை நாள்?"

அவன் அவளையே பார்த்தான். "எழுதிக் குடுத்தா பத்து நாள் கேட்டு வாங்கித் தர்றேன்."

"இருவது."

"கேக்கறேன்மா. பதினஞ்சுக்குக் குறையாது."

"வண்டியை இன்னிக்குத் திருப்பி அனுப்பிடணும்."

"அனுப்பிடறேன்."

அவள் அடுப்படிப் பரண்மேல் இருந்த கடப்பாரையை இறக்கினாள். சுத்தியலையும் எடுத்தாள். துவைக்கிற கல்லுக்கு முன்னால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினாள். கருங்கல், மூணடி நீளம். இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டு அழுக்கெல்லாம் அடித்துத் துவைத்த கல். சுற்றிலும் அப்பா பூசிய சிமெண்ட்.

பக்கவாட்டில் சுத்தியலால் அடித்தாள். பூச்சு பாளம் பாளமாக விழுந்தது.

"அக்கா, என்ன பண்ற?"

அவள் அடித்துக்கொண்டே சொன்னாள். "நட்டிருந்த எடத்துலயே சாய்ச்சுப் படுக்க வச்சாரு. கலவை நான்தான் கொழைச்சேன். எழுத்து கீழ்ப்பக்கம் இருக்கு."

"உனக்குத் தெரியுமா?"

"பதினாலு வயசுலேருந்து."

"கோர்ட்டுல வந்து கல்லே இல்லைன்னு சொன்னியேக்கா."

"சொன்னேன்."

முஜிபுர் ரஹ்மான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முன்ரூம் உங்களுக்கு," என்றாள் லிசி. "நான் அடுப்படியில படுத்துக்கறேன். எனக்கு ஒரு பாய் போதும். அப்பாவைப் புழு வைக்க விட மாட்டேன்."

ஸ்டீபன்ராஜ் சுத்தியலைப் பிடுங்க வந்தான். அழகம்மாள் குறுக்கே நின்றாள். அவன் நிற்காமல் பின்ரூமுக்குள் போய், பெட்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

லிசி கடப்பாரையைக் கல்லுக்கடியில் கொடுத்தாள். கலவை கல்லைப் பிடித்திருக்கும், உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று மூச்சை இழுத்து முழுப் பலத்தோடு அழுத்தினாள். கல் சுலபமாக எழும்பிவிட்டது. அவள் பின்னால் விழப் பார்த்தாள்.

கல்லுக்கும் கலவைக்கும் நடுவில் ஒரு உரச்சாக்கு. நாலு மூலையும் மடித்து, சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. நிறம்கூட மங்கவில்லை.

அழகம்மாள் எட்டிப் பார்த்தாள். "செப்டிக் டேங்க் மூடிக்கு விரிப்பாரே, அதே மாதிரி," என்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

பின்னால் எடுக்க வேண்டியிருக்கும் என்கிற இடத்துக்கு மட்டும்தான் அப்பா சாக்கு விரிப்பார். லிசிக்கும் அது தெரியும். அன்றைக்குக் கலவையைக் குழைத்துக் கொடுத்ததும், தண்ணி கொண்டா என்று அவளைக் குழாயடிக்கு அனுப்பினார். அவள் திரும்பி வந்தபோது கல்லைப் படுக்க வைத்திருந்தார்.

கல்லைப் புரட்டினார்கள். அம்புக்குறியும் எண்ணும் இன்று செதுக்கின மாதிரி இருந்தன. என்ஜினீயர் போனில் படம் எடுத்துக்கொண்டான். ஜேசிபி புழுதியைக் கிளப்பிக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டுப் பக்கம் திரும்பிப் போனது.

மூணரைக்குச் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். ஒரு பக்கத்துக்கு ஆள் குறைந்தது. முஜிபுர் ரஹ்மான் தயங்கி நின்றார். ஸ்டீபன்ராஜ் அவரைப் பார்க்காமலே கொஞ்சம் முன்னால் நகர்ந்து இடம் விட்டான். அவர் தோள் கொடுத்தார்.

கல்லறையிலிருந்து திரும்பி வந்தவர்கள் காலைக் கழுவிக்கொண்டு ஷரபுன்னிசாவின் சோற்றைச் சாப்பிட்டார்கள். பிரேமலதாவும் ஜோஸ்வினும் பாத்திரங்களை ஒவ்வொன்றாக முன்ரூமுக்குக் கொண்டு போனார்கள். ஸ்டீபன்ராஜ் சாப்பிடவில்லை. லிசியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெயில் இறங்கியதும் லிசி, அப்பா படுத்திருந்த போர்வையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள். வாளியில் நனைத்துத் தூக்கிய பிறகுதான் கல் இல்லை என்பது உறைத்தது. அது புரட்டிப் போட்டபடி எழுத்து மேலாகக் கிடந்தது. அதன் மேல் அடிக்க மனசு வரவில்லை. வாளியிலேயே அலசினாள். சாக்கையும் மண் போக அலசி, வேலிக் கம்பியில் போட்டாள். போர்வை கனத்தது. ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கிப் பார்த்தாள். பிழிய முடியவில்லை.

பின்ரூமிலிருந்து ஜோஸ்வினின் ஸ்கூல் பையோடு ஸ்டீபன்ராஜ் வெளியே வந்தான். நின்றான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து, அவள் காலடியில் இருந்த முனையை இழுத்தான். அவள் காலை எடுத்தாள்.

அவன் ஒரு பக்கமாக முறுக்கினான். அவள் எதிர்ப்பக்கமாக முறுக்கினாள். கல் கிடந்த குழியில் தண்ணீர் கொட்டியது.