மாதா கோயில் வாசலில் ஒரு பலகை

திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் வாசலில் உட்காரும் பிச்சைக்காரர்களை அப்புறப்படுத்துவது என்று ராயபுரத்து மாதா கோயில் பங்குப் பேரவையில் முடிவானது. பலகை எழுதும் வேலை நெல்சன் தலையில் விழுந்தது. துறைமுகத்துப் பக்கம் கண்டெய்னர் ஆபீஸில் கிளார்க், நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்தவன். தமிழில் எழுதினால் பச்சையாகத் தெரியும் என்று போனில் தேடிப்பிடித்து, 'நோ பேன்ஹேண்ட்லிங்' என்று எழுதி மாட்டினான். யாருக்காக எழுதினானோ அவர்களால் அதைப் படிக்க முடியாது. அதைத்தான் அவன் வசதி என்று நினைத்தான். அர்த்தத்தை வாட்ச்மேனின் தடி சொல்லிக்கொடுத்தது.

மகள் சாரா சும்மா விடவில்லை. அது என்ன வார்த்தை என்று கேட்டாள். அமெரிக்காக்காரன் பிச்சைக்கு வைத்த பேர் என்றான் நெல்சன். பேன் என்றால் வாணல். நீட்டிய கை வாணலின் பிடி மாதிரி நிற்பதால் அந்தப் பேர் வந்ததாகச் சொல்கிறார்கள் என்று பெருமையாகவே விளக்கினான்.

"அப்ப கெங்கம்மா கையும் வாணல் பிடியாப்பா?"

நெல்சனுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் சாரா டெங்குவில் கிடந்தபோது, வாசலில் உட்காரும் அந்தக் கெங்கம்மாதான் தினமும் அவனை நிறுத்தி, "பாப்பா கண்ணு தொறந்துச்சா சார்?" என்று விசாரித்தவள். இப்போது எதிர்ப்பக்கம் பூட்டிய கடையோரம் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

பிள்ளை பிழைத்தால் மடிப்பிச்சை எடுக்கிறேன் என்று அப்போது மாதாவிடம் நேர்ந்திருந்தான். ஆபீஸைச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டதை மனைவி இந்தத் திருவிழாவோடு முடிக்கச் சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டு வழக்கம் கறாரானது. நேர்ச்சை என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அது பிச்சையில்லை. விழுவதைக் காணிக்கைப் பெட்டியில் போட வேண்டும்.

ஞாயிறு காலைப் பூசை தொடங்கும்போது துண்டை ஏந்தி வாசலில் நின்றான். தெரிந்தவர்கள் சங்கடப்பட்டுச் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். தலைக்கு மேலே அவனுடைய பலகை.

சாலையைத் தாண்டி வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தவள் கெங்கம்மா.

"அங்க நிக்காத நைனா. வாச்மேன் டீ குடிக்கப் போய்கீறான், வந்தா அடிப்பான். இப்டி வா."

நேற்றுவரை சார், இன்று நைனா. வேலை போய்விட்டது என்றே நினைத்துவிட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தான், நேர்ச்சை தடுத்தது. அவள் பின்னால் போனான். அவள் தன் மூட்டையை வெயிலுக்கு நகர்த்திவிட்டு, இருந்த கொஞ்சம் நிழலை அவனுக்குக் கொடுத்தாள்.

"பாப்பா துன்னுச்சா?"

தலையாட்டினான்.

"நீ படிச்சவனாச்சே. அந்தப் பலகையில இன்னா எழுதிகீது?"

"பிச்சை எடுக்கக் கூடாதுன்னு."

எழுதியது தான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதற்கு எந்த நேர்ச்சையும் தடையில்லை.

"உன்ன மாதிரி ஆளும் வருவான்னு எழுதினவனுக்குத் தெரியுமா, பாவம்," என்றாள் கெங்கம்மா.

பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. நெல்சன் துண்டை மடியில் போட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் முழங்கையால் இடித்தாள்.

"கைய நீட்டு நைனா. நீட்டாம யாரு போடுவா?"