ஐந்து மீட்டர் ஆழத்தில் ஓங்கிய கை

கோபம் குறைய வேண்டுமென்றால் தண்ணீருக்குள் போங்கள் என்று ஃபோர்மேனுக்குச் சொன்னவர் அவருடைய தொழிற்சாலை டாக்டர். தகடு அழுத்தும் பிரிவில் ஓர் உதவியாளரின் தாடையை ஃபோர்மேன் பெயர்த்துவிட்ட வாரம் அது. வேலை போகவில்லை. அவர் இல்லாவிட்டால் பாதி மெஷின் ஓடாது என்பதால் டாக்டரிடம் அனுப்பி வைத்தார்கள். டாக்டர் நல்ல மனிதர்தான். சிலிண்டர் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் முங்குகிற ஸ்கூபா கற்றுக்கொள்ளுங்கள், அதில் எல்லாமே மூச்சுதான், நிதானமாக இழுத்து நிதானமாக விட்டால் மனசும் அடங்கும் என்றார். குடும்பத்தோடு போங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதரைப் பிடித்து உலுக்கலாம்.

குடும்பம் என்றால் மூன்று பேர். ஃபோர்மேன், அவர் மனைவி, பதின்மூன்று வயது மகள். மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வால்தனமெல்லாம் பள்ளிக்கூடத்தில்தான். அப்பாவின் பைக் சத்தம் கேட்டுவிட்டால் வீட்டில் அவள் இருக்கிற இடம் தெரியாது. மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. ராட்சத மெஷின்களின் வாயிலிருந்து ஈரப் போர்வைகளை நாள் முழுக்கப் பிடுங்கிப் பிடுங்கி அவளுடைய தோளும் முன்கையும் இறுகிக் கிடந்தன. அந்த பலமெல்லாம் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் எங்கே போகுமோ, அவளுக்கே தெரியாது.

முதல் வகுப்பு ஒரு கட்டிடத்துக்குள் இருந்த ஆழமான குளத்தில் நடந்தது. சொல்லிக் கொடுத்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். டீச்சர் என்று கூப்பிட்டார்கள். கரையில் உட்கார வைத்து, தண்ணீருக்கடியில் பேச முடியாது, எல்லாமே கைதான் என்றாள். "இது 'நில்லுங்க'," என்று உள்ளங்கையைத் தலைக்கு மேலே சட்டென்று தூக்கிக் காட்டினாள்.

அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்து, கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

டீச்சர் கையை மெல்ல இறக்கினாள். ஃபோர்மேன் சிரித்தார். "ரெண்டும் பயந்தாங்கொள்ளிங்க மேடம். நீங்க நடத்துங்க." வெளியாட்களிடம் அவர் தங்கமான மனிதர்.

வகுப்பு முடிந்து உடை மாற்றும் அறையில் டீச்சர் மனைவியைத் தனியாகப் பிடித்தாள்.

"அக்கா, கை தூக்கினா நீங்க ரெண்டு பேரும் மூச்சைப் புடிச்சிக்கிறீங்க. கீழ அது ஆளையே கொன்னுடும். சிலிண்டர் காத்த இழுத்து வச்சிக்கிட்டு மேல வந்தா, நெஞ்சுக்குள்ள அது உப்பிக்கிட்டே வரும். வெளிய விடலைன்னா நுரையீரல் கிழிஞ்சிடும். இங்க அஞ்சு மீட்டர்தான். அதுவே போதும்."

"தண்ணின்னா கொஞ்சம் பயம், அவ்ளோதாம்மா."

"தண்ணி மட்டுந்தானாக்கா?"

"ஆமா," என்றாள். பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

வெளியே வந்தபோது அப்பாவின் துண்டை வாலு உள்ளேயே மறந்து வைத்துவிட்டிருந்தாள். காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிய பிறகு, நீந்துவதற்குக் காலில் மாட்டுகிற அந்த நீளமான ரப்பர் ஃபின்ஸால் ஃபோர்மேன் அவள் பிடரியில் ஓங்கிப் போட்டார். வாலுவின் நெற்றி முன் சீட்டில் மோதியது. "மறதி, மறதி! எப்பப் பாரு மறதி!" வீடு வந்து சேரும் வரை மனைவி பின் சீட்டுப் பக்கம் கையை நீட்டி மகளின் முழங்காலைப் பிடித்தபடி இருந்தாள்.

அன்றைக்கே அந்த வகுப்பை நிறுத்தியிருக்க வேண்டும். நாம் சொல்லிவிடலாம், நமக்கென்ன. நிறுத்து என்று அவரிடம் சொல்வதற்கும் ஒரு வாய் வேண்டுமே. அதற்குப் பதிலாக அவள் வேறொன்று செய்தாள். அந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரியம் அது. அவர் வேலைக்குப் போயிருந்த சாயங்காலங்களில் மகளைச் சமையலறையில் நிறுத்தி, அடி வாங்கப் பயிற்சி கொடுத்தாள்.

"நான் கைய ஓங்குவேன். நீ மூச்சைப் புடிக்கக் கூடாது. ஊதணும். சரியா?"

"ஓங்கும்மா, ஓங்கு!"

அவள் ஓங்கினாள். வாலு கன்னத்தை உப்பி, "ஃபூ" என்று ஊதினாள். முதல் நாள் இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா கரண்டியை ஓங்கினாள், வாலு ஊதினாள். தோசைக்கல்லை ஓங்கினாள், ஊதினாள். பதினோரு நாள் பழகினார்கள். பத்தாவது நாளெல்லாம் வாலு கண்ணைக்கூட மூடவில்லை. தேறிவிட்டாள் என்று அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். அம்மாவின் கையைக் கண்டு அந்தப் பிள்ளை எதற்குப் பயப்படப் போகிறது? அது மட்டும் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

நான்காவது வகுப்பில் குளத்தின் அடிக்குப் போனார்கள். மூன்று பேரும் வரிசையாக முட்டி போட்டார்கள். நடுவில் வாலு. மாஸ்க்கைக் கழற்றித் திரும்ப மாட்டி, மூக்கால் ஊதி உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வாலு முதல் தடவையிலேயே செய்துவிட்டாள். மனைவி இரண்டாவது தடவையில் செய்தாள். ஃபோர்மேனுக்கு மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டே புரையேறித் திணறினார். டீச்சர் தோளைப் பிடித்து நிதானப்படுத்தினாள். மறுபடி செய்தார், மறுபடி திணறினார். மூன்றாவது தடவை ஒருவழியாக முடிந்தது. பாதி மாஸ்க் தண்ணீர், கண்கள் சிவந்து கிடந்தன.

அப்பா செய்துவிட்டார் என்று வாலு கை தட்டினாள். மனசார, சந்தோஷமாகத்தான் தட்டினாள்.

அவருக்கு அது கிண்டலாகப் பட்டது. தொழிற்சாலையில் தாடை போன அந்த உதவியாளனும் இப்படித்தான் என்னவோ சிரித்தானாம். ஃபோர்மேன் மிதப்பதற்காக மகள் மாட்டியிருந்த காற்றடைத்த சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்துக்கு நேரே இழுத்தார். குறுக்கே வந்த டீச்சரின் மூக்கில் அவர் முழங்கை இறங்கியது. அவள் மாஸ்க் கழன்று, ரத்தம் தண்ணீரில் கலங்கியது. பிறகு வலது கையை ஓங்கினார்.

வாலு கண்ணை மூடிக்கொண்டாள்.

மனைவி மகளின் தலைக்கு மேலே பார்த்தாள். மற்றவர்கள் தலைக்கு மேலெல்லாம் குமிழ்கள் கொத்துக் கொத்தாகப் போய்க்கொண்டிருந்தன. வாலுவின் தலைக்கு மேல் ஒன்றுகூட இல்லை. பதினோரு நாள் பயிற்சியும் அந்த ஒரு கைக்கு முன்னால் காணாமல் போயிருந்தது. வாலு அப்பாவின் மார்பில் உதைத்து விடுபட்டு, தரையை உந்தி, வாயை இறுக்கிக்கொண்டு மேலே பாய்ந்தாள்.

அம்மா எம்பிக் கணுக்காலைப் பிடித்தாள். ஈரப் போர்வையைப் பிடுங்குகிற அதே வேகத்தில் கீழே இழுத்து, இடது கையால் முதுகை வளைத்துத் தன்னோடு இறுக்கினாள். வாலு கண்ணைத் திறக்கவில்லை. நகத்தால் அம்மாவின் கழுத்தைக் கீறினாள், முட்டியால் இடித்தாள். ஊது, ஊது என்று எப்படிச் சொல்வது? அம்மா முஷ்டியை மடக்கி மகளின் வயிற்றில் குத்தினாள். தண்ணீர் வேகத்தைத் தின்றுவிட்டது. விலா முடிகிற இடத்தில் முஷ்டியை வைத்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டு அழுத்தினாள். ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாவது அழுத்தலில் வாலுவின் வாயிலிருந்து குமிழ்கள் பொலபொலவென்று கொட்டின. அந்தக் குமிழ்களைப் பார்த்தபோது அவளுக்கு வந்த சந்தோஷம், இந்த மகளைப் பெற்ற அன்றைக்குக்கூட வந்ததில்லை. மேலே போகப் போக அழுத்திக்கொண்டே போனாள்.

மேலே வந்ததும் டீச்சர், மூக்கில் ரத்தம் வழிய வழிய, வாலுவைக் கரையில் ஏற்றி ஆக்ஸிஜன் எடுக்க ஓடினாள். மனைவி அடியில் முங்கி நிற்பதற்காக இடுப்பில் கட்டியிருந்த ஈயக்கட்டி பெல்ட்டை அவிழ்த்துக் கரையில் போட்டுவிட்டு, தானும் ஏறினாள். பின்னாலேயே ஃபோர்மேன் வந்தார்.

"என் பொண்ணையே அடிக்கிறியாடி நீ?" என்று கத்தினார். சொன்னது யார் என்று பாருங்கள். "எழுந்திரு! நடிப்பு போதும். எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டு!" படுத்திருந்த வாலுவின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்.

"விடுங்க," என்றாள் மனைவி.

விடவில்லை.

அவள் பெல்ட்டின் ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றினாள். நான்கு ஈயக்கட்டிகளும் அவர் மணிக்கட்டில் இறங்கின. எலும்பு முறிந்த சத்தம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. முடியை விட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஈரத் தரையில் உட்கார்ந்தார். தொழிற்சாலையையே அதட்டும் அந்தக் குரலிலிருந்து முனகல்தான் வந்தது. அவள் மறுபடி சுழற்றி முட்டியில் போட்டாள். இரண்டாவது அடி தேவையே இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் போட்டாள். மூன்றாவதுக்குக் கையைத் தூக்கியபோது டீச்சர் பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுங்க்கா. பாப்பாவப் பாருங்க."

ஆம்புலன்ஸ் இரண்டு வந்தன, போலீஸும் வந்தது. விபத்துப் படிவத்தை நீட்டி, "என்னக்கா எழுதட்டும்?" என்று கேட்டாள் டீச்சர்.

"நடந்தத எழுதும்மா. நான் அடிச்சதையும் எழுது. முன்னாடி நான் உன்கிட்ட பொய் சொன்னேனே, அதையும் எழுது."

ஆஸ்பத்திரியில் வாலுவின் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் கிழியவில்லை. விலாவுக்குக் கீழே மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. வெளியே ஒரு பெண் போலீஸ் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அந்தக் கன்றிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"வலிக்குது."

"வேற வழி தெரியலடா."

வாலு ஆக்ஸிஜன் மாஸ்க்கை முகத்திலிருந்து கொஞ்சம் விலக்கினாள். "அதுக்கில்லம்மா. நீயும் என்ன மாதிரிதான், உன்னாலயும் அவர ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன். அதனாலதான் இத்தன வருஷமா உன்மேல எனக்குக் கோவமே வந்ததில்ல."

அம்மா அந்தக் கன்றிய இடத்திலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தாள்.

"இப்ப வருதா?"

"வருதும்மா," என்றாள் மகள்.