வலது கால் மடிப்பு

மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தபால்காரர் சீருடையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். பத்து மணிக்கு அலுவலக மருத்துவர் அவரை நடக்கவிட்டுப் பார்ப்பார். நடை சரியாக இருந்தால் பழைய தெருக்கள் திரும்பக் கிடைக்கும்; இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை கவுண்டருக்குப் பின்னால் முத்திரை குத்திக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மனிதர் சீட்டியடித்தபடி தலை சீவினார். கண் தற்செயலாகக் கீழே போயிற்று. சீட்டி நின்றது.

இடது பேண்ட் நுனி ஷூவைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலது நுனி சுளையாக ஒரு விரற்கடை மேலே நின்றது.

"போச்சு! காலை நீளமாக்கி விட்டுட்டாங்க!"

முன்னறையில் தையல் மெஷின் ஓசை நின்றது. "யாரு காலை?" என்றாள் மனைவி.

"என் காலைத்தான்! வந்து பாரு. இனிமே ஆயுசுக்கும் நொண்டிதான். அந்த ஆபரேஷன் டாக்டரைச் சும்மா விடமாட்டேன்."

பாவம், அந்த டாக்டர் என்ன செய்தார்? ஆறு வருடமாகப் படியேறும்போதெல்லாம் இவருக்குத் தொடையிடுக்கில் சுருக்கென்று பிடிக்கும். கேட்டவர்களிடம் "வாய்வுப் பிடிப்பு" என்பார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து முழங்கால் பளபளத்ததுதான் மிச்சம். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் கோளாறு இடுப்பு மூட்டில் என்று தெரிந்தது. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு உலோகமும் பீங்கானுமாகப் புதிது வைத்தார்கள். மறுநாளே எழுப்பி நடக்கவும் விட்டார்கள். வலி போன இடம் தெரியவில்லை. இப்போது போய் இப்படியா!

மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு வந்து பேண்ட் நுனியைத் திருப்பிப் பார்த்தாள். "இது எங்க இருந்துச்சு?"

"ஆபீஸ்ல. மழையில நனைஞ்சா மாத்திக்கலாம்னு வச்சிருந்தேன். நேத்துதான் எடுத்துட்டு வந்தேன். புதுசா இருக்கேன்னு..."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இங்க எனக்கு உசுரு போகுது, உனக்குச் சிரிப்பா?"

"காலு சரியாத்தாங்க இருக்கு. பேண்டுதான் குட்டை. நான்தான் அப்படித் தச்சேன்."

மூட்டு தேயத் தேய அவருடைய வலது கால் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகி வந்ததை அவள் பேண்டில்தான் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த நுனி மட்டும் தரையில் இழுபட்டுக் கிழிந்ததாம். எந்தப் படியிலாவது தடுக்கி விழுந்து தொலைப்பாரே என்று, காதும் காதும் வைத்த மாதிரி, அத்தனை பேண்டிலும் வலது பக்கத்தை மட்டும் மடித்துத் தைத்திருக்கிறாள். கால் குறையக் குறைய மடிப்பு ஏறியிருக்கிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொன்னீங்களா? வாய்வுப் பிடிப்புன்னுதானே சொன்னீங்க!"

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமல் வலியை மறைத்துவிட்டதாக ஆறு வருடமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

அவரை நிற்கவைத்தே அவள் தரையில் உட்கார்ந்து பிளேடால் தையலைப் பிரித்தாள். மடிந்திருந்த துணி கீழே இறங்கியது. இரண்டு நுனியும் சமமாக நின்றன. அவர் வாசற்கதவு வரை போய்த் திரும்பினார். நடை ஜோராக இருந்தது.

"அப்போ பீரோவுல இருக்கிற மத்த அஞ்சு பேண்ட்?"

"அதெல்லாம் எப்பவோ பிரிச்சாச்சு. உங்களை ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்கல்ல, அன்னிக்கே. வெளியில சும்மா உட்கார்ந்து என்ன பண்றது? பையில போட்டு எடுத்துட்டுத்தான் வந்திருந்தேன். அஞ்சாவதைப் பிரிச்சு முடிக்கவும் கதவைத் திறந்தாங்க."

அவர் குனிந்து இரண்டு நுனியையும் இன்னொரு தடவை பார்த்தார். "ஆபரேஷன் சரியா வராம போயிருந்தா?" என்றார்.

அவள் பிரித்த நூலைச் சுருட்டிக்கொண்டே எழுந்தாள்.

"திரும்ப மடிச்சுத் தச்சிருப்பேன். கிளம்புங்க, மணி ஒம்பதரை."