நூற்று நாற்பத்தொன்றாம் அறை

1

இந்தக் கதை அக்காவிடமிருந்து பிடுங்கியது. அவள் கணினி நிரல் எழுதுகிறவள், நான் கதை எழுதுகிறவன். அம்மாவின் கணக்கில் இரண்டு பேருமே உட்கார்ந்த இடத்தில் காலம் தள்ளுகிறவர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கறுப்புத் திரையில் எழுத்துகள் விண்மீன்களைப் போல—’

(அடித்துவிட்டேன். அக்கா படித்தால் மானம் போகும்.)

2

நடந்தது இது. ஒரு மருத்துவமனை. காத்திருப்போர் கூடத்துப் பலகையில் நோயாளியின் பெயரும் போகவேண்டிய அறை எண்ணும் வரும். அந்தப் பலகைக்கு நிரல் எழுதியதும், பெயர் தமிழில்தான் வரவேண்டும் என்று சண்டை போட்டு வரவைத்ததும் அக்கா. இன்று காலை முழங்கால் வலிக்காரர் ஒருவரைப் பலகை நூற்று நாற்பத்தொன்றாம் அறைக்கு அனுப்பிவிட்டது. அங்கே இருப்பதே நாற்பது அறை. பாவம், மாடி மாடியாக ஏறி இறங்கியிருக்கிறார்.

நிர்வாகி அக்காவைக் கூப்பிட்டார். “தமிழ் போட்டதுலேருந்துதான்மா இந்தக் கூத்து. பேசாம இங்கிலீஷுக்கே மாத்திடலாம். சாயங்காலம் மீட்டிங்ல முடிவு பண்ணிடுவோம்.”

(இவருக்கு முறுக்கு மீசை வைத்து வில்லனாக்கக் கை அரித்தது. ஆனால் அந்த வலிக்காரரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிவந்தவரும் இவர்தான். மீசையை மழித்துவிட்டேன்.)

3

அக்கா டீபக்கரைத் திறந்தாள். ஓடுகிற நிரலை நிறுத்திவைத்து, அதன் நினைவகத்துக்குள் எட்டிப்பார்க்கும் கருவி அது. படமில்லை, பொத்தானில்லை. நினைவகத்தின் ஒரு கட்டம் ஒரு பைட். இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் காட்டு என்று தட்டச்சு செய்து கேட்க வேண்டும். கேட்டதை மட்டும் காட்டும்.

காட்டியது. e0 ae, e0 af என்று வரிவரியாக. எனக்கு அது கோழிக் கிறுக்கல். அக்காவோ பார்த்த மாத்திரத்தில் நம் எழுத்து என்று கண்டுகொண்டாள். கணினிக்குள் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும், மெய்யெழுத்தின் புள்ளிக்குக்கூட. வலிக்காரரின் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர் எல்லாம் சேர்ந்து நீண்டு ஒரு மெய்யெழுத்தில் முடிந்தன. அந்தக் கடைசிப் புள்ளியின் இரண்டு பைட் பெயருக்கு ஒதுக்கிய பெட்டிக்குள் இருந்தன. மூன்றாவதான 8d மட்டும் வழிந்து, பக்கத்தில் அறை எண்ணின் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. 8d என்பது கணினி எண்ணை எழுதும் விதம், நம் கணக்கில் அது நூற்று நாற்பத்தொன்று.

“டேய், புள்ளிடா! புள்ளி போய் ரூம் நம்பராயிடுச்சு!” என்று போனில் கத்தினாள்.

4

“பெட்டிய அளந்தது யாரு?” என்று கேட்டேன்.

“நான்தான். இங்கிலீஷ்ல ஒரு எழுத்துக்கு ஒரு பைட். அந்தப் பழக்கத்துல அறுபத்துநாலு பைட் போதும்னு போட்டுட்டேன்.”

“உனக்கு முன்னாடி இருந்தவன் பண்ணதுன்னு எழுதிடவா?”

“எழுதித்தான் பாரேன், கைய ஒடிக்கிறேன். தமிழ் வேணும்னு மல்லுக்கட்டினவ, தமிழுக்கு எவ்வளவு இடம் வேணும்னு பாக்கல. அதையே எழுது. கண்டுபிடிச்சதும் நான்தான், அதையும் சேத்து எழுது.”

ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள். என் அக்காவுக்கு ஆடத் தெரியும். அவளை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமை. (இந்த வரியை அடைப்புக்குறிக்குள் ஒளிக்கப் பார்த்தேன், மனம் வரவில்லை.)

5

முடிவு ஒன்று: நிர்வாகி எழுந்து கைகொடுக்க, எல்லோரும் கைதட்ட— (சினிமா.)

முடிவு இரண்டு: தப்பை ஒத்துக்கொண்டதால் அவளை வேலையைவிட்டு— (அம்மாவும் படிப்பாள். வேண்டாம்.)

உண்மை என்னவென்றால், எனக்கே முடிவு தெரியாது. கூட்டம் இப்போதுதான் தொடங்குகிறது. உள்ளே போகும் முன் அக்கா போனில் பேசினாள்.

“பெட்டியப் பெருசாக்கிட்டேன். அதே பேரப் போட்டுப் பாத்தேன், சரியா வருது.”

“அவங்க அப்பவும் கேக்கலைன்னா?”

“தமிழ எடுக்கற வேலைய வேற யாராவது செய்யட்டும். என் கை செய்யாது.”

வைத்துவிட்டாள்.

கூட்டம் நடக்கும் மேசையைச் சுற்றி நாற்காலிகள் கிடக்கின்றன. ஒன்றை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அக்கா எழுந்து நிற்கிறாள். “அளவு தப்பு. அது என் தப்பு. எழுத்து மேல தப்பில்ல” என்கிறாள். எல்லோரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். சொல்லுங்கள்.