கதவு தட்டப்படாதவரின் ஆட்சி

வரைவாளரின் நோட்டுப் புத்தகத்தில் மட்டுமே இருந்த பத்தொன்பதாவது நாட்டிலிருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, நாற்பத்து மூன்று குடிமக்கள் வந்து அவர் வீட்டெதிரே பாய் விரித்தார்கள். அவர் குடிநீர் அலுவலகத்தில் குழாய்ப் பாதைகளுக்குப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின், இல்லாத நாடுகளுக்கு அரசியல் சட்டம் எழுதிவந்தார். ஒரு நாட்டில் அமைச்சர்கள் தூக்கத்தில் உளறுவதே ஆணை. இன்னொன்றில் சட்டங்கள் மழைக்காலத்தில் மட்டும் செல்லும். பத்தொன்பதாவதில், யாருடைய வீட்டுக் கதவு மிக அதிகக் காலம் தட்டப்படாமல் இருக்கிறதோ அவரே தலைவர். தட்டப்பட்ட அன்றே பதவி போய்விடும். யாரும் தேடி வராதவருக்கு யாருக்கும் சலுகை காட்டத் தோன்றாது என்று ஓரத்தில் காரணமும் எழுதியிருந்தார். அவர் கதவை யாரும் தட்டி அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

எதிர்க்கடைத் தையல்காரர் கூட்டத்தைப் பார்த்துப் பதறி வந்தார். “சார் தவறிட்டாரா?”

“இல்லீங்க, பதவி ஏத்திருக்காரு. கதவை மட்டும் தட்டிராதீங்க.”

மூன்று வருடம் ஆட்சி நடந்தது. ஜன்னலுக்குக் கீழே நின்று மனுக்களை உரக்கப் படிப்பார்கள். அவர் விளக்கை ஒருமுறை போட்டால் சரி, இருமுறை போட்டால் முடியாது. கிணற்றுத் தகராறு ஒன்றை அவர் தீர்த்த விதம் தையல்காரருக்கே பிடித்துப்போனது. தபால்காரரையும் சிலிண்டர்காரரையும் குடிமக்கள் வாசலிலேயே மடக்கிவிடுவார்கள். உள்ளே தலைவர், படியில் காலடி கேட்கும்போதெல்லாம் தம்ளரை வாயருகே பிடித்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பார். பிறகு காபி ஆறியிருக்கும்.

நான்காம் வருடம் தங்கை வந்தாள்.

“அம்மா, தட்டாதீங்க. நல்லா ஆள்றாரு.”

“எங்கண்ணன் வீட்டுக் கதவை நான் தட்டுறேன், உனக்கென்னய்யா? ஒதுங்கு.”

மூன்று தட்டு. கதவு உடனே திறந்தது.

“இவ்ளோ வருஷமா எங்கடி போன?”

“நீ மட்டும் வந்தியாக்கும்?”

அண்ணன் போட்ட காபியில் சர்க்கரை இல்லை என்று குறை சொன்னாள். தன் வீடு எப்போதும் ஜேஜே என்றிருக்கும், பையன் வாராவாரம் வருவான், அக்கம்பக்கத்தார் விடுவதே இல்லை, அதனால்தான் கிளம்பவே முடியவில்லை என்றாள். சாயங்காலப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்குள் எதிர்ப்பக்கம் காலியாகியிருந்தது.

எட்டாம் நாள் கதவடியில் ஒரு கடிதம் கிடந்தது. ‘அண்ணா, நான் ஊர் திரும்பியபோது நாற்பத்து மூன்று பேர் என் வீட்டெதிரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். உன் ஆட்களா? கேட்டால் கும்பிடுகிறார்கள்.’

சட்டத்தை எழுதியவர் அவர். அதன் பொருளை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனார்.

அவள் தெருவில் குடிமக்கள் எழுந்து நின்றார்கள். மூத்தவர் தயங்கியபடி முன்னால் வந்தார். “ஐயா, நீங்களே எழுதின சட்டம்.”

“தெரியும்ப்பா. தள்ளு.”

தட்டினார். உள்ளே ஒரு தம்ளர் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

குடிமக்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு அடுத்த தலைவரைத் தேடிப் புறப்பட்டார்கள். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அதே தெருவில், மூன்றாவது வீட்டெதிரே மறுபடி விரித்தார்கள்.