ஊதாக் கூட்டல் குறி

தையல்காரரின் மகள் இறந்த மறுநாள் காலை, அவள் இடுப்பிலிருந்த ஊதா நிறக் கூட்டல் குறி தையல்காரரின் இடுப்பில் இருந்தது. குளிக்கப் போனவர் அதைப் பார்த்துவிட்டுக் குளிக்காமலே திரும்பி வந்தார்.

அந்தக் குறியைப் போட்டது ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்கும் பெண். எலும்பில் வந்த புற்று. அபூர்வமாகத்தான் வருமாம், வந்தால் நிற்காமல் ஓடுமாம். மகளுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. கதிர் கொடுத்தால் நோய் போகாது, வலி குறையும், நிமிர்ந்து உட்காரலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அது கிடைத்தால் போதும் என்றாள் மகள். தினமும் அதே இடத்தில் கதிர் படுவதற்காகத்தான் குறி. "என்னையும் அளவெடுத்து மார்க் பண்ணிட்டாங்கப்பா, வெட்டாம விட்டாங்களே" என்று சிரித்தாள். தையல்காரருக்கோ, தைத்து முடித்த துணியில் சாக்பீஸ் கோடு தெரிந்தால் மானம் போன மாதிரி. ஈரத்துணியால் மகளுக்கு உடம்பு துடைத்துவிட்டபோது, பழக்க தோஷத்தில் அந்தக் குறியையும் தேய்த்து அழித்துவிட்டார்.

மறுபடி படம் எடுத்து, அளந்து, குறி போட ஒரு நாள் வீணாயிற்று. அந்த நாள் முழுக்க மகள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதன்பிறகு இடுப்பில் உரசாத தொளதொள கவுன்களாகத் தைத்துப் போட்டார். வலி மெல்ல விட்டது. சில வாரங்கள் அவள் துணி வெட்டும் மேசைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் ஊசியில் நூல் கோக்கத் திணறுவதைக் கேலி செய்தாள். பிறகு நோய் நுரையீரலுக்குப் போயிற்று. அவள் இறந்தபின் உடலைக் கழுவும்போது, இப்போதாவது மிச்சமிருக்கும் குறியைத் துடைத்துவிடலாமே என்றாள் தையல்காரரின் அக்கா. "வேணாம்கா, ஒரு தடவ அழிச்சதே போதும்" என்று அவர் தடுத்துவிட்டார்.

அவரிடம் வந்த குறி வலிக்கவில்லை. தெருவிலும் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர்கள், குறி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் எந்தக் குறியையும்போல அதுவும் மங்கும். மங்கினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். முதல்முறை போனபோது இயந்திரக்காரப் பெண் அவர் இடுப்பைப் பார்த்ததும் பேனாவை எடுத்தாள். மகள் படுத்த அதே மேசையில் அவரைப் படுக்கவைத்து, பேனாவால் கோடுகளை அழுத்திப் போட்டாள். அவளுக்குத் தலை நரைத்த பிறகும் அது நடந்துகொண்டிருந்தது.

"குளிக்கும்போது தேய்ச்சிடாதீங்கய்யா" என்பாள், எல்லாரிடமும் சொல்வதைப்போலவே.

"தேய்க்க மாட்டேம்மா" என்பார் தையல்காரர்.