நாங்கள் என்று எழுதியவள்

உலகச் சண்டை முடிந்த வருடம், துறைமுகத்தை அடுத்த கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கொம்பனியின் பின்படிக்கட்டில் கிளறன்ஸ் மயங்கி விழுந்தான். மூன்றாம் மாடியில் கடதாசி எழுதும் கிளாக்கர் வேலை. நெஞ்சு வருத்தக்காரன், படி ஏறினால் மூச்சு முட்டும். முன்வாசல் லிப்ட் வெள்ளைக்காரருக்கு மட்டுமானது. அதில் ஏற விடும்படி அவன் முன்பு கேட்டபோது, "இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எல்லாருக்குமா?" என்று பெரிய துரை சிரித்திருந்தார்.

விழுந்தவனை நான்கு கிளாக்கர்மார் தூக்கினார்கள். மாடியில் லிப்டுக்குக் காவல் நின்றவன் கதவைத் திறக்கவில்லை. அவர்களும் வற்புறுத்தவில்லை. இரும்புப் படிகளால் இறக்கி, கட்டடத்தைச் சுற்றித் தெருவுக்குக் கொண்டுவந்தபோது மூச்சு நின்றிருந்தது.

அவன் மனைவி யோசெப்பின் கொட்டாஞ்சேனையில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தாள். அடக்கம் முடிந்து சில நாட்களில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினாள். அதில் துரையைக் கொலைகாரன், பேய் என்றெல்லாம் திட்டியிருந்தாள். வாசித்துப் பார்த்தாள். துரை கண்டால் சிரிப்பார். கிளாக்கர்மார் கண்டால் உச்சுக்கொட்டிவிட்டு, மறுநாளும் பின்படியால் ஏறுவார்கள். அதை நினைக்கத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. தாளை அடுப்பில் போட்டுவிட்டு வேறொன்று எழுதினாள்.

கிளாக்கர்மார் சங்கத்துச் செயலாளர் நாகேந்திரம் வீட்டுக்கு வந்து அதை வாசித்தான். தூக்கிய நால்வரில் அவனும் ஒருவன்.

"கிளறன்ஸை நாங்கள் கொன்றோம். லிப்ட் பக்கத்தில்தான் இருந்தது. கதவைத் திற என்று நாங்கள் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தோம். வேலை போகவில்லை; கிளறன்ஸ் போனார். நாளைக்கு எங்களில் யார் விழுந்தாலும் இதே படியால்தான் இறக்குவோம். அப்படித்தானே?"

"ரீச்சர், நீங்கள் அங்கை நிக்கேல்லையே. ஏன் நாங்கள் எண்டு எழுதினீங்கள்?"

"நீங்கள் எண்டு எழுதினால் காதைப் பொத்திக்கொள்ளுவீங்கள். நாங்கள் எண்டால் தப்ப ஏலாது."

"எங்களை மன்னிக்கிற மாதிரி ஒரு வரி..."

"நான் மன்னிக்கேல்லை. பொய் எழுத மாட்டன். இதை நீங்கள்தான் அச்சடிச்சு, உங்கடை கையாலை குடுக்க வேணும்."

அவன் மறுக்கவில்லை. ஜிந்துப்பிட்டி அச்சகமொன்றில் அச்சடித்து மேசை மேசையாகக் கொடுத்தான். கிளாக்கர்மார் வாசித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒருவரும் பின்படிக்குப் போகவில்லை. லிப்டின் முன்னால் போய் நின்றார்கள். துரை இறங்கி வந்து, எல்லாரையும் வேலையிலிருந்து நிறுத்துவேன் என்று கத்தினார். அவர்கள் அசையவில்லை. கப்பல் கடதாசிகள் எழுதப்படாமல் கிடந்தன. துறைமுகத்தில் சரக்கு தேங்கியது. வாரம் முடியுமுன் லண்டன் தலைமையகத்திலிருந்து தந்தி வந்தது. லிப்ட் எல்லாருக்கும் திறந்தது. துரைக்கு ஊர் திரும்ப உத்தரவு.

கணவனின் சாமான்களை எடுக்க யோசெப்பின் கொம்பனிக்குப் போன அன்று, லிப்டுக்குள் துரை தனியே நின்றார். அவள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"நான் கிளறன்ஸின் மனைவி," என்று இங்கிலிஷில் சொன்னாள்.

அவர் தரையைப் பார்த்தார். லிப்ட் மெதுவாக ஏறியது. மூன்றாம் மாடி வரும்வரை அவள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு வேர்த்ததைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது.

மேலே நாகேந்திரம் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"இப்பவாவது மனம் ஆறிச்சுதா, ரீச்சர்?"

"துரையிலை இருந்த கோவம் ஆறிட்டுது."

கிளறன்ஸின் குடையையும் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஒவ்வொரு ஆண்டும் அவனுக்காக மாதா கோயிலில் பூசை வைக்கும்போது, அவனைத் தூக்கிய அந்த நால்வரும் வந்து பின்வரிசையில் நிற்பார்கள். அவள் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.